வினைமுற்று யாருக்கு?
புனைகதையைச் செம்மையாக்கலும் ‘பார்த்தான், கேட்டது, உணர்ந்தாள்’ என்ற சொற்களும்

(யாழ்ப்பாணத்துத் தீவுப் பகுதியின் படகுத்துறையான குறிகட்டுவானில் நிகழ்த்திய அறக்கட்டளைச் சொற்பொழிவின் அச்சு வடிவம். மேடையில் சொன்ன கிளைக்கதைகள் சிலவற்றை எடுத்துவிட்டேன். பகுதி எண்கள் அன்று சொன்னபடியே உள்ளன.)



இப்படியான சொற்பொழிவுகளுக்குப் பெரிய தலைப்பாக வைப்பதுதான் வழக்கம். நான் எடுத்துக்கொண்டது ஏழெட்டுச் சின்ன வினைச்சொற்களை. பார்த்தான், கண்டாள், கேட்டது, தெரிந்தது, உணர்ந்தான், நினைத்தாள், தோன்றியது. பிறர் எழுதிய கதைகளைச் செம்மையாக்குவதே என் தொழில். என் பேனை அதிகம் வட்டமிட்டது இந்தச் சொற்களைத்தான்.

ஆனித் திருவிழாவுக்கு இந்தத் துறையிலிருந்து நயினாதீவுக்குப் படகேறியவர்களுக்கு நான் சொல்வது உடனே விளங்கும். சனம் நெருக்கியடித்து நிற்கும். உங்களுக்கு முன்னால் வாட்டசாட்டமான ஒருவர் நிற்பார். கடல் அவருடைய தோளுக்கு மேலாலும் கக்கத்துக்குக் கீழாலும் துண்டு துண்டாகத் தெரியும். அவர் திரும்பி, “அந்தா, கோபுரம் தெரியுது” என்பார். நல்ல மனிதர்தான். ஆனால் உங்களுக்குத் தெரிவது அவருடைய முதுகு.

கதையிலும் இப்படி ஒரு முதுகு உண்டு. அமெரிக்க நாவலாசிரியர் ஜோன் கார்ட்னர், அவர் இறந்தபின் வெளியான புனைகதைக் கலை பற்றிய நூலில் இதைக் குறித்து எழுதினார். காட்சியை நேரே தரக்கூடிய இடத்தில், அதைப் பார்க்கும் ஒருவரின் மனத்தினூடே வடித்துத் தருவது வீண் என்பது அவர் கருத்து. ஆங்கில எழுத்துப் பட்டறைகளில் இச்சொற்களுக்கு வடிகட்டியை வைத்தே பெயர் நிலைத்துவிட்டது. நானும் இன்று ‘வடிசொல்’ என்றே சொல்கிறேன். தேத்தண்ணி வடியை நினைத்துக்கொள்ளுங்கள்.

ஆனால் அந்தப் பட்டறை விதியை அப்படியே இறக்குமதி செய்து, கண்ட இடமெல்லாம் வெட்டுங்கள் என்று சொல்ல நான் வரவில்லை. தமிழில் இந்தச் சிக்கல் உட்கார்ந்திருக்கும் இடம் வேறு. ஆங்கிலத்தில் வடிசொல் வாக்கியத்தின் வாசலில் நிற்கிறது. வாசகர் அதைத் தாண்டி உள்ளே போய்விடலாம். தமிழில் அது வாக்கியத்தின் முடிவில், வினைமுற்றின் ஆசனத்தில் ஏறிக்கொள்கிறது. எனவே தமிழில் செம்மையாக்குபவர் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: இந்த வாக்கியத்தின் வினைமுற்றை யாருக்குக் கொடுப்பது? நடந்ததற்கா, அதைப் பார்த்தவருக்கா? இன்று நான் சொல்லப்போவது முழுவதும் இந்தக் கேள்வியைப் பற்றித்தான்.

1.

‘படகு துறையைவிட்டு விலகுவதை அவன் பார்த்தான்.’

இலக்கணப் பிழை இல்லை. பள்ளிக்கூடத்தில் சரி போடுவார்கள். ஆனால் இங்கே நடந்தது என்ன? படகு விலகியது. அந்த நிகழ்ச்சிக்கு நேர்ந்த கதியைப் பாருங்கள். ‘விலகியது’ என்று நிமிர்ந்து நின்றிருக்க வேண்டிய வினை, ‘விலகுவது’ என்று தொழிற்பெயராகி, ஐ உருபையும் ஏற்று, இன்னொருவரின் பார்வைக்குச் செயப்படுபொருளாகிவிட்டது. அதோடு அதன் இறந்தகாலமும் போய்விட்டது. வாக்கியம் முடியும்போது நம் காதில் மிஞ்சுவது ‘பார்த்தான்’.

தமிழ் வாக்கியத்தை வாய்விட்டு வாசித்தால் குரல் இறங்கி நிற்பது வினைமுற்றில். ஒரு பக்கத்தில் பத்து வாக்கியம் ‘பார்த்தான், கண்டான், கவனித்தான்’ என்று முடிந்தால், பத்து முறையும் குரல் ஒரே இடத்தில் போய் இறங்கும். கதாநாயகன் வாழ்கிறானா, காவல் காக்கிறானா என்று வாசகருக்கே சந்தேகம் வந்துவிடும்.

‘அவனுக்குத் தெரிந்தது’, ‘அவளுக்குக் கேட்டது’ என்று எழுதும்போது பார்ப்பவர் குவ்வுருபோடு வந்து நிற்கிறார். அதற்காகக் குவ்வுருபு வருகிற இடமெல்லாம் வடிசொல் என்றும் எண்ணிவிட வேண்டாம். ‘அவளுக்குப் பசித்தது’ என்பதில் வடி இல்லை, பசிதான் நிகழ்ச்சி. ‘அவளுக்குக் குளிர்ந்தது’ என்பதும் அப்படியே. ‘தனக்குப் பசிப்பதை அவள் உணர்ந்தாள்’ என்று எழுதும்போதுதான் முதுகு குறுக்கே வருகிறது. பசிக்கிறது என்பதைச் சாட்சி வைத்தா அறிய வேண்டும்?

2.

இந்தப் பழக்கம் எங்கிருந்து வந்தது? மொழிபெயர்ப்புகளுக்கு ஒரு பங்கு இருக்கும், பள்ளிக் கட்டுரைக்கு இன்னொரு பங்கு இருக்கும் என்பது என் ஊகம். அதில் நேரம் செலவழிக்க விரும்பவில்லை. எனக்கு முக்கியமாகப் படுவது வேறு. தமிழில் பார்ப்பவர் பெரும்பாலும் ஏற்கெனவே வினைக்குள்ளேயே இருக்கிறார். வடிசொல்லைச் சேர்த்தால் ஒரே காட்சிக்கு இரண்டு பார்வையாளர் ஆகிவிடுகிறார்கள்.

தொல்காப்பியம் இதைச் சொல்லதிகாரத்தின் முதல் இயலிலேயே தொட்டுவிடுகிறது. வருதலும் தருதலும் தன்மைக்கும் முன்னிலைக்கும் உரியவை, செல்லுதலும் கொடுத்தலும் படர்க்கைக்கு உரியவை என்று கிளவியாக்கம் வகுக்கிறது. பரீட்சைக்குப் பாடமாக்கி மறந்துபோன விதி. கதை எழுதுகிறவருக்கு இதைவிடப் பயன்படும் விதி தொல்காப்பியத்தில் குறைவு. ‘நெடுந்தீவுக்குப் படகு போனது’ என்று எழுதுங்கள்: கண் இங்கே, இந்த இறங்குதுறையில் நிற்கிறது. ‘நெடுந்தீவுக்குப் படகு வந்தது’ என்று எழுதுங்கள்: கண் அங்கே மாவிலித்துறையில் நிற்கிறது. ஒரு வினையை மாற்றியதும் ஆள் கடலின் மறுகரைக்குப் போய்விட்டார். அப்படியிருக்க, ‘படகு வருவதை அவள் கண்டாள்’ எதற்கு? ‘வந்தது’ என்ற சொல்லுக்குள்ளேயே அவள் நிற்கிறாளே.

அடுத்தது சுட்டு. அ, இ, உ என்ற மூன்றில் உகரச் சுட்டு தமிழகத்துப் பேச்சிலிருந்து கழன்றுவிட்டது. எங்கள் வாயில் இன்றும் உயிரோடு இருக்கிறது. உவன், உது, உங்கை, உந்தப் பொடியன். கேட்பவருக்குக் கிட்ட உள்ளதைச் சுட்டுவது அதன் வேலை. கொஞ்சம் இளக்காரத்தையும் அது சுமக்கும். ஒரு கதையில் இந்த வாக்கியம் வந்தது: ‘அந்த இளைஞன் அங்கே வந்து நிற்பதை அவள் வெறுப்புடன் பார்த்தாள்.’ எழுதியவர் தீவுப் பகுதிக்காரர்தான். நீங்கள் வீட்டில் இதை எப்படிச் சொல்வீர்கள் என்று கேட்டேன். யோசிக்காமல் சொன்னார்: “உவன் வேறை வந்து நிக்கிறான்.” பார்த்தவளும் அவளுடைய வெறுப்பும் அந்த நாலு சொல்லுக்குள் வந்துவிட்டன. அவளுக்கு எதிரே நின்று கேட்கிற இன்னொருவர்கூட உகரத்தினால் உள்ளே வந்துவிட்டார்.

உறவுப்பெயரும் இதே வேலையைச் செய்யும். ‘பெரியம்மா படலையைத் திறந்தாள்’ என்றதும், பார்ப்பது அவளுக்குப் பிள்ளை முறையான ஒருவர் என்று தெரிந்துவிடுகிறது. ‘அன்னலட்சுமி படலையைத் திறப்பதைச் சிறுவன் பார்த்தான்’ என்று எழுதுகிறவர் அந்த உறவையும் சேர்த்து இழக்கிறார்.

3.

வடிசொல் இல்லாமல் எழுதுவது தமிழுக்குப் புதிதல்ல. சங்க அகப்பாட்டை எடுத்துக்கொள்ளுங்கள். தலைவி பேசுகிறாள், தோழி பேசுகிறாள், செவிலி பேசுகிறாள். ‘என்று தலைவி நினைத்தாள்’ என்று எடுத்துச் சொல்ல அங்கே ஆள் இல்லை. யார், யாரிடம், எப்போது சொன்னது என்ற செய்தியைப் பாட்டுக்கு வெளியே, அடியில் உள்ள துறைக்குறிப்பு ஏற்றுக்கொள்கிறது. வடி வெளியே, பாட்டு உள்ளே. இந்த ஏற்பாட்டை எவ்வளவு வியந்தாலும் தகும்.

சிறுப்பிட்டியில் பிறந்த சி. வை. தாமோதரம்பிள்ளை 1885இல் தொல்காப்பியப் பொருளதிகாரத்தையும் 1887இல் இந்த அகப்பாட்டு நூல்களில் ஒன்றான கலித்தொகையையும் அச்சேற்றினார். அவர் காலத்தில் பதிப்பு என்றால் ஏடுகளை ஒப்புநோக்கிப் பாடம் தேர்வது. இன்று நான் செய்வது, உயிரோடு இருக்கும் ஒருவரின் வாக்கியத்தில் கை வைப்பது. அவருடைய வேலைதான் கடினம். என்னுடையதில் சண்டை அதிகம்.

4.

கண்ணையும் காதையும் சொன்னேன். மனத்துக்கு வருவோம். உணர்ந்தான், நினைத்தாள், தோன்றியது. இவற்றைக் கையாளுவது கடினம்.

‘உணர்ந்தான்’ பற்றி எனக்குத் தயக்கம் குறைவு. ‘அவன் தனக்குள் கோபம் எழுவதை உணர்ந்தான்’ என்று எந்தத் தமிழரும் பேசுவதில்லை. கோபம் வந்தது, அவ்வளவுதான். பொருளதிகாரத்தில் மெய்ப்பாட்டியல் என்று ஓர் இயலே இருக்கிறது. நகை, அழுகை, இளிவரல், மருட்கை, அச்சம், பெருமிதம், வெகுளி, உவகை என்று எட்டு. பெயரிலேயே மெய் இருப்பதைக் கவனியுங்கள். உள்ளத்தில் உள்ளது உடம்பில் புலப்படுவதுதான் மெய்ப்பாடு. அச்சத்தை உணர்ந்தாள் என்று எழுதுவதற்குப் பதிலாக, பஸ் ரிக்கற் கைக்குள் நனைந்து கூழாகியிருந்தது என்று எழுதலாம்.

‘நினைத்தாள்’ அப்படியல்ல. ‘மகன் இந்தப் படகில் வந்திருப்பான் என்று அவள் நினைத்தாள்’ என்ற வாக்கியத்தில் ‘என்று அவள் நினைத்தாள்’ மிகை. ‘வந்திருப்பான்’ என்ற வினையிலேயே ஊகம் இருக்கிறது. ‘மகன் இந்தப் படகில் வந்திருப்பான்’ என்று நிறுத்தினால், மகன் வராதபோது வாசகரும் அவளோடு சேர்ந்து ஏமாறுகிறார். ‘நினைத்தாள்’ இருந்தால் வாசகர் முன்கூட்டியே உஷாராகிவிடுவார்: ஓகோ, இவள் நினைத்தது நடக்கப்போவதில்லை.

ஆனால் நினைப்பதே நிகழ்ச்சியாக உள்ள கதைகள் உண்டு. இந்த மண்ணின் மு. தளையசிங்கத்தை எடுங்கள். 1935இல் புங்குடுதீவில் பிறந்து 1973இல் மறைந்தவர். ‘புதுயுகம் பிறக்கிறது’ 1965இல் வந்த அவருடைய சிறுகதைத் தொகுப்பு. வெளியே நடப்பதற்குச் சமமான இடத்தை உள்ளே நடக்கும் விசாரணைக்குக் கொடுத்தவர் அவர். அவரிடம் போய் ‘நினைத்தான்’களை எண்ணி வெட்டினால் கதையே போய்விடும். சிறுகதையாசிரியர் மௌனியிடமிருந்து ‘தோன்றியது’, ‘போல’ இரண்டையும் எடுத்துப் பாருங்கள், எலும்புகூட மிஞ்சாது. நடந்ததா தோன்றியதா என்ற ஐயமே அவருடைய கதைப்பொருள். அங்கே வினைமுற்று ‘தோன்றியது’ என்பதற்கு உரியது, நியாயமாகவே உரியது.

5.

இனி, பேனையைக் கீழே வைக்க வேண்டிய இடங்கள்.

முதலாவது, -ஆம். ‘அவள் திரும்பி வந்திட்டாளாம்.’ தமிழின் மிகச் சிறிய வடிசொல் இதுதான். சொல்கூட அல்ல, ஒட்டு. இதை எடுத்தால் ஊர்வாய் போய்விடும். சொன்னவர் பொறுப்பேற்காமல் சொன்ன செய்தி, பொறுப்பேற்ற செய்தியாகிவிடும். தீவுக் கதை ஒன்றில் பாதிச் செய்தி -ஆமில்தான் பயணம் செய்யும். ‘மழை வரும் போலை கிடக்கு’ என்பதில் உள்ள ‘போலை’யும் அந்த இனமே. பேசுபவர் வானத்தைப் பார்த்து எடுத்த தீர்மானம் அது.

இரண்டாவது, பார்ப்பதற்கு ஒருவர் பாடுபடும் இடம். இருட்டில் காது கொடுக்கிறவள், கண்புரை விழுந்த கிழவர், கூட்டத்தில் முகம் தேடுகிற தாய். அங்கே பார்ப்பதுதான் வேலை.

மூன்றாவதைச் சொல்ல ஒரு பழைய தவறைச் சொல்ல வேண்டும். தவறு என்னுடையது.

தொழிலுக்கு வந்த புதிதில், தீவுப் பகுதியின் 1991 இடப்பெயர்வை வைத்து எழுதிய ஒரு கதை என் மேசைக்கு வந்தது. தன்மையில் எழுதியது. ‘கண்டேன்’ என்று முடியும் வாக்கியங்கள் நிறைய. வீடுகள் திறந்தபடி கிடக்கக் கண்டேன். கிணற்றடியில் வாளி கயிற்றோடு கிடக்கக் கண்டேன். மாடுகள் தெருவில் நிற்கக் கண்டேன். நான் அப்போதுதான் கார்ட்னரை வாசித்திருந்தேன். புதிதாகக் கத்தி வாங்கியவன் வாழைத்தண்டைக்கூட விடமாட்டான் அல்லவா? எல்லாக் ‘கண்டேன்’களையும் எடுத்துவிட்டு, ‘வீடுகள் திறந்தபடி கிடந்தன, வாளி கயிற்றோடு கிடந்தது’ என்று இறுக்கிக் கொடுத்தேன். பெருமையாகவும் இருந்தது.

எழுதியவர் பெரியவர். அச்சுப்படி பார்க்க வந்தார். இரண்டு பக்கம் வாசித்தார். கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார்.

“தம்பி, நான் கண்டனான். அதை ஏன் எடுத்தனீங்கள்?”

நான் வாக்கிய இறுக்கம், காட்சியின் நேரடித்தன்மை என்றெல்லாம் விளக்கினேன். பொறுமையாகக் கேட்டார். பிறகு, “எல்லாம் சரி. ஆனா நான் கண்டனான்” என்று மறுபடியும் சொன்னார். அந்தக் ‘கண்டனான்’ என்ற வடிவத்தை யோசித்துப் பாருங்கள். ‘கண்டேன்’ என்பது செய்தி. ‘கண்டனான்’ என்பதில் கண்டவன் நானே என்ற அழுத்தம் இருக்கிறது. எல்லா வாக்கியங்களையும் திருப்பிப் போட்டேன். கதை அவர் எழுதியபடியே அச்சானது.

இந்தக் கரையில் அந்தச் சொல்லின் எடையை நான் விளக்க வேண்டியதில்லை. 1985 மே 15 அன்று நெடுந்தீவிலிருந்து புறப்பட்ட குமுதினிப் படகில் பயணிகள் கொல்லப்பட்டார்கள். அதைப் பற்றி உயிர்தப்பிய ஒருவர் ‘கண்டேன்’ என்று எழுதினால் அது வடிசொல் அல்ல, சாட்சியம். நடந்ததை மறுக்கிறவர்கள் இருக்கும் வரை, நடந்ததற்கு மட்டும் வினைமுற்றைக் கொடுத்தால் போதாது. கண்டவருக்கும் கொடுக்க வேண்டும்.

இதற்கு மறுபுறமும் உண்டு. அதே இடப்பெயர்வின் வெறுமையில் எழுந்த தொகுப்பு புங்குடுதீவுக் கவிஞர் சு. வில்வரத்தினத்தின் ‘காற்றுவெளிக் கிராமம்’. ஆள்கள் எல்லாரும் போனபின் ஊரை யார் பார்ப்பது? கண்டேன் என்று சொல்ல ஆளில்லாத வெளியை எழுத வேறொரு மொழிநடை வேண்டும். அதை இன்னொரு நாள் பேசலாம்.

6.

கடைசியாக, மேசையில் என்ன செய்கிறேன் என்று காட்டுகிறேன். பிறர் கதையை மேடையில் அறுப்பது மரியாதையில்லை என்பதால் இந்தப் பந்தியை நானே இட்டுக்கட்டினேன்.

‘பார்வதி இறங்குதுறையில் நின்று கடலைப் பார்த்தாள். தூரத்தில் ஒரு படகு வருவதை அவள் கண்டாள். அதன் இயந்திரச் சத்தம் நெருங்குவது அவளுக்குக் கேட்டது. தன் நெஞ்சு படபடப்பதை உணர்ந்தாள். மகன் அதில் இருப்பான் என்று நினைத்தாள். டீசல் மணம் வீசுவதை நுகர்ந்தாள். படகிலிருந்து ஆட்கள் இறங்குவதைப் பார்த்தாள். அவர்களில் தன் மகன் இல்லை என்பதை அறிந்தாள்.’

எட்டு வாக்கியம், எட்டு வடிசொல். நடந்தது ஒன்றுக்குக்கூட வினைமுற்றுக் கிடைக்கவில்லை. முதல் வேலையாக எல்லாவற்றையும் பென்சிலால் அடிக்கோடிடுவேன். வெட்டமாட்டேன். கண்மூடித்தனமாக வெட்டினால் இதுதான் வரும்: ‘படகு வந்தது. சத்தம் நெருங்கியது. நெஞ்சு படபடத்தது. டீசல் மணம் வீசியது. ஆட்கள் இறங்கினார்கள். மகன் இல்லை.’ பொலிஸ் முறைப்பாட்டுக் கொப்பி மாதிரி இருக்கிறது. அதோடு பார்வதியும் காணாமல் போய்விட்டாள். தமிழில் எழுவாய் மறைந்து நிற்கக்கூடியது. வடிசொல்லோடு ‘அவள்’ என்பதும் போய்விட்டால், வாசகருக்கு யாரோடு நிற்பது என்றே தெரியாது. வெட்டிய இடத்தில் அவளை வேறு வழியாக உள்ளே கொண்டுவர வேண்டும். வா-போ, சுட்டு, உறவுப்பெயர், அவள் வாயில் மட்டும் வரக்கூடிய ஒரு சொல் எல்லாம் இதற்குத்தான் இருக்கின்றன.

‘பார்வதி வெயிலில் நின்றாள். முதலில் மெசின் சத்தம்தான் வந்தது. படகு பிறகுதான் வந்தது. பெடியன் இதிலை வந்திருப்பான். நேற்று வராதது காற்றுக்குத்தான். கயிறு எறிந்து கட்டினார்கள். டீசல் மணத்தோடு சனம் இறங்கியது. சாக்குகள், ஒரு சைக்கிள், வெள்ளைச் சீருடையில் இரண்டு பிள்ளைகள். ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள். ஓட்டி கடைசியாக இறங்கிக் கயிற்றை இன்னொருக்கால் இழுத்து முடிந்தார்.’

இதைவிட நன்றாக எழுதலாம். நான் எழுத்தாளன் அல்ல. ஆனால் ஒரு ‘பார்த்தாள்’ மிஞ்சியிருக்கிறது, கவனித்தீர்களா? எட்டில் ஒன்றைத் தெரிந்தே விட்டேன். அந்த ஒரு நேரத்தில் அவள் செய்கிற வேலை பார்ப்பதுதான். மற்ற ஏழும் அருகில் இருந்திருந்தால் இதற்கு எடை வந்திராது. எங்களூரில் ‘காணும்’ என்றால் போதும் என்று பொருள். ஒரு பக்கத்துக்கு ஒரு ‘பார்த்தாள்’ காணும். ‘இல்லை என்பதை அறிந்தாள்’ என்ற வாக்கியத்தை முழுதாக எடுத்துவிட்டேன். ஓட்டி கயிறு முடிந்தபின் இறங்க ஆளில்லை என்பது வாசகருக்குத் தெரியும்.

இந்தத் தீர்மானங்களைச் செம்மையாக்குபவர் தனியே எடுக்கக் கூடாது. 1974இல் க்ரியா பதிப்பகத்தைத் தொடங்கி 2020இல் மறைந்த எஸ். ராமகிருஷ்ணன் செம்மையாக்கலைத் தமிழ்ப் பதிப்புலகில் ஒரு துறையாகவே நிலைநிறுத்தினார். நம் பகுதியில் இன்னும் கதை நேரே அச்சுக்குப் போகிறது. எழுத்துப்பிழை பார்ப்பதோடு சரி. அந்தப் பெரியவர் அச்சுப்படி பார்க்க வராமல் இருந்திருந்தால், என் தவறு புத்தகத்தில் நிலைத்திருக்கும். அதனால் எழுத்தாளரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டுதான் நான் இப்போது வேலை செய்கிறேன். வர முடியாதவர்களோடு தொலைபேசியில், வாக்கியம் வாக்கியமாக.

இங்கே இருக்கிற இளைய எழுத்தாளர்களிடம் ஒரு வேண்டுகோள். அடுத்த கதையை எவரிடமும் கொடுப்பதற்கு முன், கொப்பியை எடுத்து ‘பார்த்தான், கண்டாள், கேட்டது, உணர்ந்தான், நினைத்தாள், தோன்றியது’ எல்லாவற்றின் கீழும் பென்சிலால் ஒரு கோடு போடுங்கள். எதையும் அழிக்க வேண்டாம். எவை இருக்க வேண்டும் என்று உறுதியாகத் தெரிகிறதோ, அவற்றுக்கு நேரே ஓரத்தில் ஏன் என்று ஒரு சொல் எழுதிவிட்டுக் கொடுங்கள். ஓரம் வெறுமையாக இருக்கும் கோடுகளைப் பற்றி நாம் இருந்து கதைப்போம்.